எட்டு மாணவருக்கு ஒரு துறையா? ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

ரஷ்யன், செக், போலிஷ் முதலிய ஸ்லாவிய மொழிகளைக் கற்பிக்கும் ஸ்லாவியத் துறையை அடுத்த கல்வியாண்டோடு மூடுவதென்று நீங்கள் எடுத்த முடிவு, மூன்றாம் மாடியில் எங்கள் வாசிப்பறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கம். முதற் பக்கத்தில் கணக்கு: இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். கணக்கில் பிழை இல்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வசனம் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தின் அரசியல் தேவைக்காக உருவான துறை இது, அந்தத் தேவை இப்போது இல்லை என்று. எட்டை நான் விழுங்கிக்கொள்வேன். இந்த வசனம் தொண்டையில் நிற்கிறது.

மடலை உங்கள் மொழியில் எழுதிப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. என் மொழியிலும் எழுதுகிறேன். ஸ்லாவியத் துறைக்கும் தமிழனுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்பவர்களுக்குக் கீழே பதில் இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அந்த வாசிப்பறையின் உதவியாளன். துறை போனால் என் வேலையும் போகும். ஓய்வுபெற எனக்கு இன்னும் மூன்று ஆண்டுதான், எப்படியாவது சமாளித்துக்கொள்வேன். "வேலைக்காகக் கத்துகிறான்" என்று இந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட வேண்டாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏஜென்சி மூலம் புறப்பட்டேன். மாஸ்கோவில் ஒன்பது மாதம் ஒரே அறையில் பன்னிரண்டு பேர் அடைந்து கிடந்தோம். ஏஜென்சிக்காரன் வருவான், வருவான் என்று காத்திருந்த நாட்களில் பாண் வாங்கப் போகும் பொறுப்பு என்னுடையது. வரிசையில் நின்றபடி கிழவிகளின் வாயைப் பார்த்துப் படித்ததுதான் என் முதல் ரஷ்யன். பிறகு உங்கள் நகரம். கலைப்பீடக் கட்டடத்தில் இரவுத் துப்புரவு வேலை. ஒருநாள் மூன்றாம் மாடியில் தூசு தட்டும்போது புத்தக முதுகுகளில் இருந்த எழுத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டு போனேன். வீட்டுக்குப் போகாமல் இருந்த வயதான நூலகர் அதைக் கேட்டுவிட்டார். "செவ்வாய் மாலை வகுப்பு இருக்கிறது, வா" என்றார். அந்த வகுப்பில் என்னோடு சேர்த்து ஆறு பேர். உங்கள் இன்றைய அளவுகோலை அன்று யாராவது பிடித்திருந்தால், நான் இன்னும் தும்புத்தடியோடுதான் நின்றிருப்பேன்.

அரசியல் தேவைக்காக உருவான துறை என்கிறீர்கள். ஆம். உங்கள் அறிக்கையை எழுதியவர் ஒரு வசனத்தில் சொன்னதை நான் இன்னும் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

1915 அக்டோபர் 19 அன்று, போர் நடந்துகொண்டிருந்தபோதே, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஸ்லாவிய ஆய்வுப் பள்ளியின் தொடக்க உரை நடந்தது. ஐரோப்பிய நெருக்கடியில் சிறிய இனங்களின் நிலை என்பது பேச்சின் பொருள். பேசியவர் தோமாஷ் மசாரிக், ஆஸ்திரியப் பேரரசிடமிருந்து தப்பி வந்த ஒரு பேராசிரியர். இன்றைய சொல்லில் சொன்னால் அகதி. பிரதமர் அஸ்குவித் தலைமை தாங்குவதாக இருந்து, உடல்நலம் இல்லாமல் அவருக்குப் பதிலாக ராபர்ட் செசில் பிரபு வந்தார். மொழி வகுப்பு ஒன்றைத் தொடக்கிவைக்கப் பிரதமர் வருவதாக இருந்தது என்றால் அங்கே அரசியல் இருந்தது என்றுதான் பொருள். மூன்று ஆண்டில் மசாரிக் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் ஜனாதிபதி ஆனார். அவருடைய புதிய அரசு அந்தப் பள்ளிக்குப் பணம் கொடுத்தது. 1922 முதல் வரலாற்றாசிரியர் ஆர். டபிள்யூ. செட்டன்-வாட்சன் அமர்ந்திருந்த மத்திய ஐரோப்பிய வரலாற்றுப் பேராசிரியர் இருக்கைக்குப் பெயரே மசாரிக் இருக்கை.

பாரிஸில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எர்னஸ்ட் டெனி 1919இல் ஸ்லாவிய ஆய்வு நிறுவனத்தைத் தொடக்கினார். ரோமில் கிழக்கு ஐரோப்பாவுக்கான நிறுவனம் 1921இல் வந்தது. பேரரசுகள் விழுந்த இடத்தில் எழுந்த புதிய நாடுகளில் 1919 என்ற ஒரே ஆண்டில் பிர்னோ, பிராட்டிஸ்லாவா, லியூப்லியானா, போஸ்னான் ஆகிய நகரங்கள் பல்கலைக்கழகம் பெற்றன. தங்கள் மொழியைத் தங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்பது அரசியல் இல்லாமல் வேறென்ன? பணம் கொடுப்பவர் கையும் நீட்டுவார், அதுவும் நடந்தது. அதே கிங்ஸ் கல்லூரியில் கிரேக்கர் பணத்தில் அமைந்த பக்கத்து இருக்கையில் இருந்த வரலாற்றாசிரியர் ஆர்னல்ட் டாயின்பி, அனத்தோலியாவில் கிரேக்கப் படைகள் செய்த கொடுமைகளை 1921இல் எழுதினார். 1924இல் அவர் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

எங்கள் ஊரில் பூவரசை எல்லைக்காகத்தான் நடுவார்கள். பக்கத்துக் காணிக்காரன் ஓரடி உள்ளே வரக்கூடாது என்பதுதான் நட்டவனின் நோக்கம். பிறகு அதன் குழை ஆட்டுக்கும் போகும், தோட்டத்துக்குப் பசளையாகவும் போகும். எல்லைச் சண்டை தீர்ந்துவிட்டது என்று யாரும் பூவரசைத் தறிப்பதில்லை.

குழை எவ்வளவு தூரம் போயிற்று என்று இரண்டு கதை சொல்கிறேன். இரண்டும் என் மொழி வரைக்கும் வருகின்றன.

முதலாவது வியன்னா. நிக்கொலாய் ட்ருபெட்ஸ்கோய் ரஷ்ய இளவரசர் குடும்பத்தில் பிறந்து, புரட்சியில் எல்லாம் இழந்து, சோஃபியா வழியாக 1922இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய மொழி இருக்கைக்கு வந்தவர். பிராகில் 1926 அக்டோபர் 6 அன்று விலெம் மாத்தேசியஸ் தொடங்கிய மொழியியல் வட்டத்தில் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சனோடு அவரும் சேர்ந்து உழைத்தார். 1929இல் முதலாவது அனைத்துலக ஸ்லாவிய அறிஞர் மாநாடு பிராகில் கூடியது. செக் அறிஞர் தொப்ரோவ்ஸ்கி இறந்து நூறாண்டு நிறைந்ததை ஒட்டிய மாநாடு அது. அங்கேதான் அந்த வட்டம் தன் கொள்கை அறிக்கையை வைத்தது. இன்று உலகத்தில் எந்த மொழியின் ஒலிகளை ஆராய்பவரும் பயன்படுத்தும் ஒலியனியல், அந்த மேசைகளில் செதுக்கப்பட்டது.

அது என்ன என்று தமிழருக்கு விளக்குவது சுலபம். கல் என்று சொல்லிப் பாருங்கள், தங்கம், பகல் என்றும் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் எழுதுவது ஒரே ககரம், வாயில் வருவது மூன்று விதம். ஆனாலும் நமக்கு அது ஒன்றுதான், ஏனென்றால் அந்த வேறுபாடு தமிழில் பொருளை மாற்றுவதில்லை. இதைத்தான் அவர்கள் ஒலியன் என்றார்கள். ட்ருபெட்ஸ்கோயின் ஒலியனியல் நூலில் நம் வல்லினத்தின் இந்த நடத்தையும் எடுத்துக்காட்டாக வருகிறது. வியன்னாவின் ஸ்லாவிய இருக்கையில் இருந்தவருக்குத் தமிழ் எதற்கு என்று அன்றைய ஆட்சிக்குழு கேட்கவில்லை. 1929இல் அவர் பொலாபிய மொழி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எல்பே ஆற்றங்கரையில் பேசப்பட்டு, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கடைசிப் பேச்சாளரும் மறைந்துபோன மொழி அது. மாணவர் தொகையைப் பார்த்திருந்தால் அந்த நூலின் கதி என்ன?

இரண்டாவது கதை பாரிஸில் ஒரு சுவரொட்டியில் தொடங்குகிறது. 1928இல் பிராகின் ஸ்லாவியப் பேராசிரியர் மதியா முர்கோ, யூகோஸ்லாவியாவில் இன்னும் உயிரோடு இருந்த வாய்மொழிக் காவியப் பாட்டுகளைப் பற்றி அங்கே தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அதே நாட்களில் அமெரிக்க இளைஞர் மில்மன் பேரி, பண்டைக் கிரேக்கக் காவியக் கவி ஹோமரைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வோடு பாரிஸில் இருந்தார். சுவரொட்டியைக் கண்டும் தனக்குப் பெரிய பயன் இல்லை என்று அன்று எண்ணியதாகப் பின்னால் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய வாய்மொழித் தேர்வுக்கு முர்கோவும் வந்திருந்தார். தேர்வாளர்களில் ஒருவரான அந்துவான் மெய்யே, பேரியின் ஆய்வில் இருந்த குறையைச் சுட்டினார். ஹோமரின் நடை மரபு வழிப்பட்டது என்று காட்டிய ஆய்வு, அது வாய்மொழியாகப் பாடப்பட்டதும் ஆகும் என்பதைக் காணவில்லை. பேரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தார். எழுத்தறியாத பாடகர் ஆவ்தோ மெஜெதோவிச் அவருக்கு 12,000 வரிகளுக்கும் மேலான ஒரு காவியத்தைப் பாடிக் கொடுத்தார். பேரி 1935 டிசம்பரில், 33 வயதில் இறந்துபோனார். மாணவர் ஆல்பர்ட் லார்ட் வேலையைத் தொடர்ந்தார்.

மிச்சத்தைத் தமிழ் வாசகர் அறிவார். எழுதிவைக்காமல், மரபான தொடர்களைக் கொண்டு பாடும்போதே பாட்டைக் கட்டுவது என்ற அந்த வாய்மொழிக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டுதான் க. கைலாசபதி பர்மிங்ஹாமில் சங்கப் பாடல்களை ஆராய்ந்தார். தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1968இல் வந்தது. அதே கைலாசபதிதான் 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர். அவர் முடிவுகளை ஏற்பவர் உண்டு, மறுப்பவர் உண்டு, எனக்கே சில இடங்களில் உடன்பாடில்லை. ஆனால் புறநானூற்றைப் பற்றிய ஒரு விவாதத்தின் வேர், 1928இல் பிராகிலிருந்து பாரிஸுக்கு ரயிலேறி வந்த ஸ்லாவியப் பேராசிரியர் ஒருவரின் சொற்பொழிவில் இருக்கிறது. அந்தச் சொற்பொழிவுகளை அடுத்த ஆண்டு புத்தகமாக்கியது டெனி தொடங்கிய அதே "அரசியல் தேவை" நிறுவனம். அந்தப் புத்தகம் எங்கள் வாசிப்பறையில் இருக்கிறது. கடைசியாக அதை இரவல் எடுத்தது நான்.

உங்கள் திட்டத்தில் ஒரு சலுகையும் இருக்கிறது. ரஷ்ய மொழியை மட்டும் இணையவழி விருப்பப் பாடமாக வைத்துக்கொண்டு, செக், போலிஷ், உக்ரேனியன், ஸ்லோவேனியன் நான்கையும் விடலாம் என்கிறீர்கள். பெரியது பிழைக்கட்டும், சிறியவை போகட்டும். இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தின் அந்தத் துறைகள் நல்லபடி நடந்த இடங்களில் இதற்கு நேர் எதிராகத்தான் நடந்தார்கள். லூசியன் தெனியேர் என்ற பிரெஞ்சுக்காரர் லியூப்லியானாவில் போய் இருந்து, ஸ்லோவேனிய ஊர்ப்பேச்சுகளில் இருமை என்ற எண் எங்கெங்கே எப்படி வழங்குகிறது என்று தேடி, 1925இல் அதையே தன் பெரிய நூலாக்கினார். தமிழில் ஒருமையும் பன்மையும்தான். அங்கே இருவருக்கென்று தனி விகுதி. கணவனும் மனைவியும் போகும்போது ஒரு வினைமுற்று, பிள்ளையும் சேர்ந்துவிட்டால் வேறொன்று. பின்னாளில் வாக்கிய அமைப்பைப் பற்றிய அவருடைய கோட்பாடு உலகெங்கும் போயிற்று. ஒரு சின்ன மொழியின் சின்ன விகுதிக்குக் காது கொடுத்துப் பழகிய மனிதர் அவர்.

ரஷ்யன் மட்டும் போதுமா என்பதற்கு எனக்கு நூல் தேவையில்லை. 2022 மார்ச்சில் உக்ரைனிலிருந்து தாய்மாரும் பிள்ளைகளும் வந்து இறங்கியபோது, நகரசபை முதலில் தொலைபேசியில் கூப்பிட்டது எங்கள் துறையைத்தான். இரண்டு விரிவுரையாளர்கள், ஐந்து மாணவர்கள், நான். மூன்று கிழமை விளையாட்டு மண்டபத்தில் மடக்குக் கட்டில்களுக்கு நடுவே படிவம் நிரப்பினோம். கார்க்கிவிலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு ரஷ்யன் நன்றாகத் தெரியும். நான் ரஷ்யனில் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். திக்கித் திக்கி உக்ரேனியனில் கேட்டேன், என் பிழையைத் திருத்திவிட்டுப் பதில் சொன்னார். ஏன் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. நான் எந்த நாட்டிலிருந்து வந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மே மாதம் நன்றிக் கடிதம் அனுப்பியது நீங்கள்தான். "இன்று தேவை இல்லை" என்று எழுதியதும் நீங்கள்தான்.

இந்தத் துறையை அந்தக் காலத்தில் மூடியவர்களையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. லெனின்கிராடில் 1931இல் சோவியத் அகாதமியின் ஸ்லாவிய ஆய்வு நிறுவனம் தொடங்கியது, 1934இல் மூடப்பட்டது. அதே நேரத்தில் "ஸ்லாவிய ஆய்வாளர்கள் வழக்கு" என்ற ஒன்றைப் பின்னி, அறிஞர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். வெளிநாட்டிலிருந்து ட்ருபெட்ஸ்கோய் இயக்கும் சதி என்பது குற்றச்சாட்டு. நிக்கொலாய் துர்னோவோவையும் கிரிகோரி இலின்ஸ்கியையும் 1937இல் சுட்டார்கள். லண்டன் பள்ளியில் பத்தாண்டு கற்பித்துவிட்டு 1932இல் நம்பிக்கையோடு சோவியத் நாட்டுக்குத் திரும்பிய ரஷ்ய இலக்கிய வரலாற்றாசிரியர் மிர்ஸ்கி, 1939இல் தூரகிழக்கில் மகதான் பக்கத்து முகாமில் இறந்தார். மறுபக்கம் ட்ருபெட்ஸ்கோயின் வீட்டை 1938இல் நாஜிகளின் இரகசியப் பொலிஸான கெஸ்டாப்போ சோதனையிட்டுத் தாள்களை எடுத்துப்போனது. இனவாதத்துக்கு எதிராக எழுதியவர் அவர். ஜூன் 25 அன்று இதயம் நின்று இறந்தார். நான் மேலே சொன்ன ஒலியனியல் நூல் அவர் இறந்த பிறகு வெளிவந்தது. போலந்தின் கிராக்கோவில் 1939 நவம்பர் 6 அன்று, ஒரு விரிவுரை இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தாரை அழைத்து, 183 பேரை நாஜிகள் பிடித்தார்கள். ஸ்லாவிய மொழியறிஞர்கள் நிட்ஷும் லேர்-ஸ்ப்வாவின்ஸ்கியும் அதில் இருந்தார்கள். இலக்கிய வரலாற்றாசிரியர் கிர்ஷனோவ்ஸ்கி சாக்சன்ஹவுசன் முகாமில் இறந்தார். பதினொரு நாளில் செக் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. 1939 செப்டம்பரில் பெல்கிரேடில் கூடவிருந்த மூன்றாவது அனைத்துலக ஸ்லாவிய அறிஞர் மாநாடு போரால் கூடவில்லை. அடுத்தது மாஸ்கோவில், 1958இல்.

உங்களை அவர்களோடு நிறுத்துகிறேன் என்று கோபிக்க வேண்டாம். உங்கள் கையில் துப்பாக்கி இல்லை, வரவுசெலவுத் திட்டம்தான் இருக்கிறது. நான் காட்டுவது கால அளவை. மூடுவதற்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது, திரும்பக் கூடுவதற்குப் பத்தொன்பது ஆண்டு.

நூலகம் பற்றி. யாழ்ப்பாணத்தான் நூலகத்தைப் பற்றி வாய் திறந்தால் 1981க்குத்தான் போவான் என்று நினைப்பீர்கள். போகவில்லை. அது எரிப்பு, இது பெட்டி கட்டுவது. ஆனால் பெட்டி கட்டியதும் திரும்பி வருவதில்லை. ரஷ்யாவிலிருந்து ஓடிவந்தவர்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பிராகில் 1923 முதல் சேர்த்து வைத்த வெளிநாட்டு ரஷ்ய வரலாற்று ஆவணக்காப்பகம், போர் முடிந்ததும் மாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டது. பெர்லினில் மக்ஸ் ஃபாஸ்மர் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த ரஷ்யச் சொற்பிறப்பு அகராதியின் அட்டைகள் 1944 ஜனவரிக் குண்டுவீச்சில் அழிந்தன. மனிதர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், அகராதி 1950 முதல் 1958 வரை வெளிவந்தது. அவர் 1924இல் தொடங்கிய ஸ்லாவிய மொழி ஆய்விதழ், பிராகின் 'ஸ்லாவியா', பாரிஸின் ஸ்லாவிய ஆய்வு இதழ், லண்டனின் 'ஸ்லாவோனிக் ரிவியூ' நான்கும் முதல் இதழிலிருந்து எங்கள் அடுக்கில் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் என்பீர்கள். இதழ்கள் கிடைக்கும். அவற்றின் ஓரத்தில் நூறாண்டாக ஒருவருக்கொருவர் பதில் எழுதியிருக்கும் பென்சில் குறிப்புகள் கிடைக்காது. உங்கள் திட்டத்தில் அவை "மிகைப் பிரதிகள்".

என் கோரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

நவம்பர் கூட்டத்தில் இந்த முடிவை உறுதிசெய்யாமல் இரண்டு கல்வியாண்டு தள்ளிவையுங்கள். அதற்குள், இந்தத் துறையில் படித்து இந்த நகரத்திலேயே வேலை செய்பவர்கள் எத்தனை பேர், எங்கே என்று கணக்கெடுங்கள். நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் எங்கள் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், உங்கள் இரண்டு பக்கத்தில் அவர்கள் இல்லை. அப்படியும் துறையைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், நிரந்தரப் பேராசிரியர் இருக்கை ஒன்றையும், ரஷ்யன் அல்லாத இரண்டு மொழிகளையாவது நேரடி வகுப்பாகவும் வைத்திருங்கள். அதில் ஒன்று உக்ரேனியனாக இருக்கட்டும். யாருக்கும் திறந்திருக்கும் செவ்வாய் மாலை வகுப்பை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள், அதன் செலவு ஒரு மின்விளக்கும் ஒரு விரிவுரையாளரின் இரண்டு மணித்தியாலமும். வாசிப்பறைத் தொகுப்பைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் வையுங்கள். சுயாதீனமான நூலகர் ஒருவர் அடுக்கடுக்காகப் பார்த்துக் கையெழுத்திடும்வரை ஒரு புத்தகத்தையும் கழிக்கக்கூடாது. கூட்டத்துக்கு முன் மூன்றாம் மாடிக்கு ஒருமுறை வந்து பாருங்கள், திறப்பு என்னிடம் இருக்கிறது.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்துக் கடைசி வசனத்தை நீக்குங்கள். நீக்க மாட்டீர்கள் என்றால் ஏன் என்று எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலையும் வாசிப்பறைக் கதவில், உங்கள் அறிவித்தலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பின் பழைய மாணவன், மூன்றாம் மாடி வாசிப்பறை உதவியாளன்